தண்ணீர்க்காரன் கேட்ட கேள்வி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே எங்கள் இருவருக்கும் காலையில் முதல் ஜெபம். எங்களைக் கேட்டால், இருக்கிறோம். நலம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. அப்படி எழுதாவிட்டால் நீ பயந்துவிடுவாய் என்று உன் அம்மா பக்கத்தில் நின்று சொல்கிறாள், ஆகவே அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்குத் தேவலை என்றும், நான் கண்ணுக்குச் சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள்கிறேன் என்றும் எழுதிவிடுகிறேன். இரண்டாவது பொய். குழாயடித் தையல்காரி உன்னை விசாரித்தாள். உன் பழைய கோட்டைப் பிரித்து அம்மாவுக்குச் சின்னதாகத் தைத்துக் கொடுத்திருக்கிறாள், அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தால் முதுகுப் பக்கம் பார்க்கும்போது நீ போகிற மாதிரியே இருக்கிறது.

நீ அனுப்பிய உன் புத்தகத்தின் முதல் பக்கம் வந்து சேர்ந்தது. விசுவாசத்தில் அமைதியாக உறங்கிய என் தம்பிக்கு என்று போட்டிருக்கிறாய். அம்மா அதைப் படித்துவிட்டு மடித்து என் கையில் கொடுத்தாள். அச்சுக்குப் போக இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்று எழுதியிருந்தாய், அதனால்தான் இந்தக் கடிதம். கடைசியில் அவன் ஏதாவது சொன்னானா அப்பா, அமைதியாகப் போனானா என்று நீ போனில் அழுதுகொண்டே கேட்டபோது, ஆமாம் பாப்பா, அமைதியாகத்தான் போனான் என்று சொன்னேன். அவ்வளவு தூரத்தில் தனியாக இருக்கிற பிள்ளையிடம் வேறு என்ன சொல்வது. ஆனால் என் பொய் ஒரு புத்தகத்தின் நெற்றியில் ஏறுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே.

உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லவேண்டி இருக்கிறது, ஏனென்றால் நீ அதை மறந்துவிட்டாய் என்றுதான் எனக்குப் படுகிறது. நம் சபை கண்ணாடித் தொழிற்சாலை உலைக்காரர்கள் கட்டிய சபை. என் தாத்தா காலத்தில் ஒரே நாளில் ஒன்பது பேர் உலை வாயில் போனார்கள், அன்றைக்கு மிஞ்சியவர்கள் கூடி இந்த நான்கு சுவருக்குள் நெருப்பு வரக்கூடாது என்று முடிவு செய்தார்கள். மெழுகுவர்த்தி கிடையாது, விளக்கு கிடையாது, ஆவியானவரை அக்கினி என்று பாடுவதும் கிடையாது. மற்ற ஆலயங்களில் விளக்கு இருக்கிற இடத்தில் நம் ஆட்களே ஊதிச் செய்த பெரிய ஜாடி, ஒரு பக்கம் கோணல், நிறையத் தண்ணீரோடு இருக்கும். உள்ளே வருகிறவன் கையை நனைத்து அடுத்தவன் பிடரியில் வைப்பான். வேலை முடிந்து தோல் காந்த வருகிறவனுக்கு அந்தக் குளிர்ச்சி என்ன என்பது உலை முன்னால் நின்றவனுக்குத்தான் தெரியும். உலைக்கூடத்தில் தண்ணீர்க்காரன் என்று ஒரு ஆள் உண்டு, வாளியும் ஈரச் சாக்கும்தான் அவன் கருவி, ஒருத்தன் மேல் தீப்பிடித்தால் எல்லாரும் வெளியே ஓடும்போது அவன் ஒருத்தன் மட்டும் உள்ளே ஓட வேண்டும். நம் பெரியவர்கள் ஆண்டவரை அந்தப் பெயரால்தான் கூப்பிட்டார்கள். தண்ணீர்க்காரரே, வாரும். நரகம் என்றால் நமக்கு எரிகிற இடம் இல்லை, நம் கூப்பாடு தண்ணீர்க்காரர் காதில் விழாத இடம். நீயும் அப்படித்தான் ஜெபிக்கக் கற்றுக்கொண்டாய், பேச வருவதற்கு முன்பே கையை நனைத்து என் பிடரியில் அடிப்பாய், வைக்கத் தெரியாது உனக்கு.

புதிதாக வந்த போதகருக்கு இது விநோதமாக இருந்தது, வேதத்தில் எரிகிற முட்புதரிலிருந்து ஆவியானவர் அக்கினியாக இறங்கிய மேல்வீடு வரைக்கும் நெருப்பு இருக்கிறதே, இவர்கள் ஏன் பாதியை ஒளித்து வைக்கிறார்கள் என்று. சபையில் பிறந்து இறையியல் படித்தவள் என்று உனக்கு எழுதிக் கேட்டார். நீ பதில் எழுதினாய். அது இறையியல் இல்லை, ஒரு விபத்தின் பயம் வழக்கமாகிவிட்டது, அன்போடு எடுத்துச் சொல்லி முழு வேதத்தையும் கற்றுக்கொடுங்கள் என்று. அவர் அதைச் சபையில் வாசித்தார், நான் முதல் வரிசையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், என் மகள் எழுதியது என்று. கிழவர்கள் இரண்டு பேர் முணுமுணுத்தபோது உன் தம்பிதான் சிரித்துக்கொண்டே அடக்கினான், அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும், அவள் படிக்காத படிப்பா என்று. அடுத்த வாரம் ஜாடி பின்கட்டுச் சாமான் அறைக்குப் போனது, அந்த இடத்தில் இரண்டு மெழுகுவர்த்தி வந்தது. தூக்கிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன், மறைக்க மாட்டேன்.

இப்போது அந்த நாள். உலையின் உட்செங்கல் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று மேற்பார்வையாளரிடம் நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அடுத்த மாதம் அடுத்த மாதம் என்று தள்ளினார்கள். செங்கல் விரிசல் விட்டு, கண்ணாடிக் குழம்பு தண்ணீர்க்குழாய் மேல் இறங்கி வெடித்தது. அன்றைய முறைக்குத் தண்ணீர்க்காரன் உன் தம்பி. இதை நான் போனில் சொல்லவில்லை, வெடித்த இடத்தில் இருந்தான் என்று மட்டும் சொன்னேன். அவன் இருக்கவில்லை பாப்பா, ஓடினான். வாசல் பக்கம் பத்தடியில் நின்றவன் சாக்கை நனைத்துக்கொண்டு உள்ளே ஓடினான். ஒருத்தரை இழுத்துப் போட்டான், அவர் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார், வாரம் ஒருமுறை வந்து நம் வாசலில் நின்றுவிட்டுப் போகிறார். இரண்டாவது ஆளுக்காகத் திரும்பப் போனவனைத்தான் வெந்த உடம்பாக வெளியே எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஏழு நாள். மூன்றாம் நாள் பிற்பகல் போதகர் வந்தார். கெட்டவர் இல்லை, அதையும் எழுத வேண்டும், அந்த மூன்று நாளும் அவர் வீட்டுக்குப் போகாமல் கீழே படிக்கட்டில்தான் உட்கார்ந்திருந்தார். கட்டில் பக்கத்தில் நின்று, பொன்னைப் புடமிடுகிற மாதிரி ஆண்டவர் தமக்குப் பிரியமானவர்களை நெருப்பில் சுத்தமாக்குகிறார், இது அவருடைய கை என்று சொன்னார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். அவர் போன பிறகு, கண்ணும் உதடும் மட்டும் கட்டுக்கு வெளியே தெரிகிற உன் தம்பி என்னைப் பார்த்தான். உதடு வெந்துபோயிருந்ததால் ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"அப்பா, அவரேதான் கொளுத்துனாராப்பா?"

முப்பத்தொரு வருஷம் உலை முன்னால் நின்றவன் நான். அதற்கு என் அப்பா எனக்குச் சொன்ன பதில் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று ஐந்து வாரமாக என்னையே கேட்டுக்கொள்கிறேன். நீ எழுதியது ஞாபகம் வந்தது, அது பயம், இறையியல் இல்லை என்று. இவ்வளவு படித்த பிள்ளை சொல்லும்போது, சாகக்கிடக்கிற மகனிடம் ஒரு கூலிக்காரனின் அறியாமையைச் சொல்லி அனுப்பலாமா, ஒருவேளை போதகர் சொல்வதுதான் சரியோ என்று வாயை மூடிக்கொண்டேன். தூங்குடா என்று மட்டும் சொன்னேன். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அதற்குப் பிறகு நான்கு நாள், யார் ஜெபிக்க வந்தாலும் தலையை அசைத்து வேண்டாம் என்றான். அம்மா பஞ்சை நனைத்து உதட்டில் வைக்கும்போது மட்டும் கண்ணைத் திறப்பான். வியாழக்கிழமை முற்பகல் போய்விட்டான், சுவரைப் பார்த்தபடியே. அமைதி என்று நீ எழுதியிருக்கிறாயே, அது அமைதி இல்லை மகளே, அவன் எங்களோடு பேச்சை விட்டுவிட்டான்.

அடக்க ஆராதனைக்குப் பெட்டியின் தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தார்கள். உன் அம்மா நேராகப் போய் இரண்டு திரியையும் விரலால் நசுக்கி அணைத்தாள், ஊதக்கூட இல்லை. பிறகு அந்த முழங்காலோடு பின்கட்டுக்குப் போய் ஜாடியைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை, நான் ஒரு பக்கம் பிடித்தேன், மறுபக்கம் யார் என்று பார்த்தால் போதகர். அவர் அன்றைக்குப் பிரசங்கம் செய்யவில்லை. வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினார், அங்கி எல்லாம் நனைந்துவிட்டது. உலைக்கூடத்துக்கு என்னை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கேட்டிருக்கிறார். இன்னும் கூட்டிப்போகவில்லை. இப்போது புதுச் செங்கல் வைத்திருக்கிறார்கள்.

உன்மேல் கோபமா என்று கேட்பாய். கோபம்தான். ராஜாவையே பார்க்காத மக்கள் ஆண்டவரை ராஜா என்று பாடமாட்டார்கள், வழி காட்டி முன்னால் நடக்கிறவர் என்று பாடுவார்கள் என்று ஒரு கடிதத்தில் எவ்வளவு ஆசையாக எழுதினாய். மீன்பிடிக்கிறவர்கள் ஒரு விதமாக, பனியில் வாழ்கிறவர்கள் ஒரு விதமாக அவரைக் கண்டுகொள்கிறார்கள் என்று பன்னிரண்டு அதிகாரம் எழுதியிருக்கிறாய். அவர்களுடையதற்கெல்லாம் இறையியல் என்று பேர் வைத்தாய். உன்னைப் பெற்றவர்களுடையதற்கு மட்டும் பயம் என்று பேர் வைத்தாய். பயம்தான், இல்லை என்று யார் சொன்னது? அந்தப் பயத்துக்குள்தான் நாங்கள் அவரைப் பார்த்தோம். ஆனால் நீ எழுதினாய் என்றால், நம்பியவன் நான். கட்டில் பக்கத்தில் இருந்தவன் நான், நீ இல்லை. இதில் என் பங்கை உன் தலையில் கட்டமாட்டேன்.

அந்த வரியை எடுத்துவிடு. புத்தகத்தையே நிறுத்து என்று சொல்லவில்லை, நன்றாக எழுதியிருப்பாய், தெரியும். முதல் பக்கத்தில் அவன் கேட்டதை அப்படியே போடு. அதற்குக் கீழே நான் அன்றைக்குச் சொல்லாமல் விழுங்கியதைப் போடு. அவனுக்கு இனிக் கேட்காது, வேறு எங்கேயாவது ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிற எவனுக்காவது கேட்கட்டும். "இல்லடா சின்னவனே, கொளுத்துனது அவர் இல்ல. நீ சாக்கைத் தூக்கிட்டு உள்ள ஓடுனப்ப உனக்கு முன்னாடி ஒருத்தர் ஓடுனாரே, அவர்தான் அவர்."

படித்துவிட்டு உடனே போன் செய்யாதே, இரண்டு நாள் போகட்டும், அதற்குப் பிறகு அம்மாவிடம் முதலில் பேசு. வேளைக்குச் சாப்பிடு. குளிருக்கு அறையில் வைத்திருக்கிறாயே அந்த அடுப்பு, அதை அணைத்துவிட்டுப் படு, அணைந்ததா என்று இன்னொரு தடவை தொட்டுப் பார். தண்ணீர்க்காரர் உன் கூப்பாட்டுக்குக் காது கொடுக்கட்டும், உன் பிடரியில் அவர் கை இருக்கட்டும் என்று நானும் அம்மாவும் உன்னை ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
கேட்டபோது வாய் திறக்காத
உன் அப்பா