வாயு மாத்திரையும் முதுகு மாத்திரையும்

ஐப்பசி 12, வியாழன்

கோயமுத்தூரில் குண்டு வெடித்த வருடம். வெங்காயம் வாங்க ஆள் யோசித்த ஐப்பசி. என் வீட்டுக்காரி பொன்னம்மாளுக்கு முதல் திவசம் முடிந்த வருடமும் இதுவே. இப்படிச் சொன்னால்தான் எனக்கு வருடம் நிற்கும். எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுவது பேத்தி கவிதா. சொல்லி எழுதி வைக்கச் சொன்னது மனசு டாக்டரம்மா. "யாரும் படிக்க வேண்டாமுங்க தாத்தா, மனசுல இருக்கறது வெளிய வந்தாப் போதும்." கவிதா அவரை ம.டா. என்று சுருக்குகிறாள். முதுகு டாக்டர் மு.டா. கை வலிக்கிறதாம்.

காலையில் தூறல். மோட்டார் போடவில்லை. நாக்கு வறட்சி. எத்தனை சொம்பு குடித்தாலும் தீரவில்லை.

மாத்திரை இரண்டு.
சின்னது, மஞ்சள். ம.டா. கொடுத்தது. பொன்னம்மாள் போன பிறகு சோறு இறங்காமல் சுவரையே பார்த்துக் கிடந்தேன். இதைத் தின்ற பிறகுதான் பசி வந்தது.
பெரியது, வெள்ளை. மு.டா. கொடுத்தது. தொட்டி பக்கம் வழுக்கி விழுந்து முதுகு பிடித்துக்கொண்டதற்கு.

சின்னதற்கு வீட்டில் பெயர் வாயு மாத்திரை. மகன் துரைசாமி வைத்த பெயர். பெண் கேட்டு வருகிற நேரம். அந்த வீட்டில் மனசு வைத்தியம் நடக்கிறது என்று பேச்சு கிளம்பினால் கவிதாவுக்குச் சம்பந்தம் அமையாது என்று பயம். மு.டா. கேட்டபோதும் அவன்தான் முந்திக்கொண்டான்.

"வேற மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறாருங்களா?"

"வாயுவுக்கு ஒண்ணுங்க. வேற ஒண்ணுமில்லீங்க."

நானும் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். கவிதாவுக்குப் பையனைப் பிடித்திருக்கிறது. இதை எழுத மாட்டேன் என்கிறாள். எழுது கண்ணு.

ஐப்பசி 15, ஞாயிறு

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து வேனில் வந்தார்கள். எங்கள் சனத்தில் இரண்டு வீடும் ஒரே கூட்டம், அதாவது ஒரே குலம் என்றால் பங்காளி. பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை. கல்யாணம் கூடாது. அதில் சந்தேகம் என்றால் அந்தக் காலத்துச் சேதி கேட்க என்னிடம்தான் வருவார்கள். நான் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

இன்று தலை கனம். உட்கார்ந்தபடியே கண் சொருகியது. அவர்களோடு பச்சைச் சேலைக் கிழவி ஒருத்தி. வந்ததும் என் முகத்துக்கு நேரே குனிந்து, "ஏனுங் மாமா, என்னையத் தெரியுதுங்களா?" என்று சத்தமாகக் கேட்டாள்.

"அத்தைக்குக் காது சுத்தமாக் கேக்காதுங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

தெரிந்த முகம். பெயர் வரவில்லை. என் ஆயுளில் முதல் தடவை. சும்மா சிரித்து வைத்தேன்.

அப்புறம் கூட்டம் பற்றிப் பேச்சு. மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்து நான் சொன்னேன்: "உங்கய்யன் சுவீகாரம் வந்தவருங்க. பொறந்தது எங்க கூட்டத்துல. நாம பங்காளிங்க." யாரோ தூரத்தில் பேசுகிற மாதிரி இருந்தது, என் குரல்.

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "எங்க ஊர்ல மேல ஊடு, கீழ ஊடுன்னு ரெண்டு ஊடுங்க, நாங்க மேல ஊடு. ஒரு ஊட்டுக்குச் சுவீகாரம் வந்துதுன்னு பேச்சு உண்டு. எந்த ஊடுன்னு சொல்லத்தான் ஆளில்ல. பெரியவர் சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும். வாரோமுங்க."

எழுந்துவிட்டார்கள். கிழவி மட்டும், "ஏன்டா, அதுக்குள்ளயா? பலகாரமே இன்னும் வரலியே" என்று கேட்டுக்கொண்டே வேனில் ஏறினாள்.

ஐப்பசி 16, திங்கள்

வெயில். துரைசாமி காபி குடிக்காமல் லேத் பட்டறைக்குப் போய்விட்டான்.

நான் தூங்குவதாக நினைத்து மருமகள் சரோஜா பக்கத்து வீட்டம்மாவிடம்: "மாமனுக்கு நெனவு தப்பிப்போச்சுங்க. காத்தால என்னையப் பொன்னம்மான்னு கூப்புட்டாருங்க. பங்காளின்னு சொன்னதே நெசமோ, உளறலோ."

படியில் தடுமாற்றம். ஒன்றுக்குப் போனால் நின்று நின்று வருகிறது. (இதை எழுதாதே என்றேன். டாக்டருக்கு வேணுமாம். எழுதிவிட்டாள்.)

பயம். பல் போயிற்று, போகட்டும். கண் மங்குகிறது, சரி. எழுத்து தெரியாதவனுக்கு ஞாபகமும் போய்விட்டால் மிச்சம் என்ன?

கவிதா அழவில்லை. பேனாவை மூடுகிறாள், திறக்கிறாள்.

ஐப்பசி 18, புதன்

ம.டா.விடம் போனோம். சிங்காநல்லூரில் பஸ் ஏறவே துரைசாமி தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"என்னங்க தாத்தா, ஒரு பக்கமாச் சாயறீங்க?"

மடியிலிருந்து வெள்ளை மாத்திரையை எடுத்து மேசையில் வைத்தேன். துரைசாமி இருமினான்.

"இத எப்பருந்து சாப்பிடறீங்க?"

"தொட்டிகிட்ட உழுந்ததுலருந்துங்க."

"எம்மாத்திரை சாப்பிடறத அந்த டாக்டர்கிட்டச் சொன்னீங்களா?"

"வாயு மாத்திரைன்னு சொன்னனுங்க" என்றான் துரைசாமி, தரையைப் பார்த்து.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். அவர் சொன்னது: மஞ்சளுக்கே கொஞ்சம் தூக்கம் வரும், நாக்கு வறளும். வெள்ளை, பிடித்த சதையைத் தளர்த்துவது. அதுவும் மூளையை மந்தமாக்கித்தான் தளர்த்தும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். வயதானவர்களுக்குத் தள்ளாட்டம், குழப்பம், ஆள் மாறிப் பேசுவது எல்லாம் வரும்.

"அவர் மேல தப்பில்லீங்க. நீங்க சொன்னாத்தான அவருக்குத் தெரியும்?"

"அப்ப எம்மூளை கெட்டுப்போகலீங்களா?"

"எனக்கு அப்படித் தெரியல. தூங்கிட்டிருக்குது. எந்திரிக்குதான்னு பாப்போம்."

அங்கிருந்தே மு.டா.வுக்குப் போன் போட்டுப் பேசினார். வெள்ளை நிறுத்தம். முதுகுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம். மஞ்சள் அப்படியே தொடர வேண்டும். "நல்லாயிருக்குதுன்னு நீங்களா நிறுத்திப்போடாதீங்க."

வெளியே டீக்கடையில் துரைசாமி: "நான் சொல்லியிருக்கோணுமுங்கப்பா."

"ஆமா. சொல்லியிருக்கோணும்."

அவ்வளவுதான். டீ நன்றாக இருந்தது.

ஐப்பசி 21, சனி

நல்ல மழை, பிறகு வெயில். வாயில் எச்சில் ஊறுகிறது! படி ஏறினேன், யாரும் பிடிக்கவில்லை. சரோஜாவைச் சரோஜா என்று கூப்பிட்டேன். "அடேங்கப்பா, நாந்தானுங் மாமா" என்று சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

படுத்தபடி என் கல்யாணத்துக்கு வந்த வண்டி மாடுகளை நிறம் நிறமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் விட்டுப்போகவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது அந்தச் சுவீகாரம் ஞாபகத்துக்கு வந்தது. கையில் உருண்டையோடு உட்கார்ந்துவிட்டேன். பவானியில் வெள்ளம் வந்து வாழையெல்லாம் சாய்ந்த வருடம். எங்கள் கூட்டத்துப் பையனைக் கொண்டுபோய் விட்டது கீழ வீட்டில்! அந்த வீட்டார் பிறகு நிலத்தை விற்றுவிட்டு எங்கோ போய்விட்டார்கள். மாப்பிள்ளை, மேல வீட்டு வாரிசு. பங்காளியே இல்லை. நான் வீட்டை மாற்றிச் சொல்லிவிட்டேன்.

துரைசாமி: "இப்பப் போய்ச் சொன்னாப் பேத்திக்காக மாத்திப் பேசறாருன்னுதானுங்க நெனைப்பாங்க. அந்தச் சுவீகாரத்தைக் கண்ணுல பாத்த ஆளு வேணுமுங்கப்பா."

கவிதா எழுதுவதை நிறுத்திவிட்டு அவனிடம்: "மாத்திரை சமாச்சாரத்தையும் சொல்லிருங்கப்பா. மறைச்சு வெச்சுக் கட்டிக்கொடுக்க வேண்டாம்."

அவன் அவளையே பார்த்தான். "செரி, அம்மணி."

ஐப்பசி 24, செவ்வாய்

இளம் வெயில். முதுகு கொஞ்சம் வலி. தாங்கலாம்.

அந்தச் சுவீகாரத்துக்கு வந்திருந்தவர்கள். ஒவ்வொருவராக.
என் அய்யன். இல்லை.
கீழ வீட்டுப் பெரியவர், அவர் சம்சாரம். இல்லை.
மேல வீட்டுக்காரர். பங்காளியாக நின்று முதலில் பையன் தலையில் அட்சதை போட்டவர். இல்லை.
பூசாரி மாரப்பன். இல்லை.
பந்தல் போட்ட ரங்கன். இல்லை.
அந்தப் பையன். அவனும் போய்விட்டான்.

கவிதாவின் பேனா மெதுவாகிக்கொண்டே வந்தது. "இன்னும் ஆராச்சும் இருந்தாங்களா, அப்பாரு?" என்று என்னைக் கேட்டாள்.

அன்று அந்தப் பையன் வாசலில் நின்றான். ஆரத்தி சுற்ற ஒரு சிறுமி வந்தாள். மேல வீட்டுப் பெண். தலைக்கு ஊற்றி ஈர முடி. தட்டைச் சாய்த்துத் தன் பாவாடையில் செந்தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். அழ வேண்டிய இடத்தில் என்னைப் பார்த்துப் பழித்துக் காட்டினாள். அதே முகம். ஞாயிற்றுக்கிழமை என் மூக்குக்கு நேரே குனிந்த முகம்.

மாப்பிள்ளை வீட்டாரின் சாட்சி அவர்கள் வேனிலேயே வந்து, பலகாரம் தின்னாமல் திரும்பிப் போயிருக்கிறது. நான் உளறியது அவள் காதில் விழவே இல்லை. காது கேட்காத கிழவிக்கு என்ன தெரியும் என்று யாரும் அவளைக் கேட்கவும் இல்லை.

துரைசாமி சட்டை மாட்டுகிறான். கோபி பஸ்ஸுக்கு நானும் வாரேன் என்று சொல்லிவிட்டேன். அவள் காதில் நானே கத்த வேண்டும். அவள் கேட்டதற்கு இன்னும் பதில் பாக்கி.

எழுது கண்ணு, பேர் வந்துவிட்டது. நாச்சாயாள்.