பதினாறு நாள் எதற்கு என்று கேட்கிறார்கள்

ஐப்பசி 9, புதன்

கனடாவில் படிக்கும் பேத்தி மலர் போனில் அழுதாள். தாத்தா சாவுக்கு வந்து, கருமாதி வரை தங்கி, வகுப்பு விட்டுப்போனதில் மாணவர் விசா ரத்தாகிவிட்டது. திரும்பக் கேட்டு மனுப் போட்டிருக்கிறாள். கிடைக்காவிட்டால் படிப்பு பாதியில் போச்சு.

"அடக்கம் ஒரு நாள்தானே, பதினாறு நாள் எதுக்குன்னு கேக்குறாங்க அப்பாயி. வீட்டுப் பெரியவங்க எழுதிக் கொடுக்கணுமாம்."

பால் தெளித்ததுமே கிளம்பினவளைப் பெட்டியோடு மறித்தவர் என் கொழுந்தன். "பதினாறு முடியாம பேத்தி படி தாண்டக் கூடாது" என்று ஊரே கேட்கக் கத்தினார். அவரையே எழுதச் சொன்னால், "நான் எப்ப அண்ணி சொன்னேன்?" என்கிறார். என் கல்யாணப் பந்தியில் அப்பளம் நொறுங்கியிருக்கிறது என்று எழுந்து போன மனுஷன்தானே!

நானே எழுதிவிட்டேன். தடுத்தவர் பெயரை இனிஷியலோடு, போன் நம்பரோடு போட்டிருக்கிறேன். அவருக்கு மறந்துபோனதைக் கனடாக்காரனே போன் போட்டுக் கேட்கட்டும்.