பின்கதவு வழியாக வராதே

அன்புள்ள நீலோ,

நானும் அப்பாவும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பாதி நலம் என்று வைத்துக்கொள். அங்கே அந்த வெயில் ஊர் டூசானில் நீயும் மருமகள் டானாவும் என் பேத்தி எல்லிக் குட்டியும் முழு நலமாக இருக்க வேண்டும், உங்கள் விஷயத்தில் எனக்குப் பாதி போதாது. இங்கே பனி இந்த வருஷம் முந்திக்கொண்டு வந்துவிட்டது, நீராவிக் குளியல் எடுக்கிற சவுனாக் கொட்டகைக்குப் போகிற வழியை அப்பா தினமும் அள்ளிப் போடுகிறார், முழங்கால் போச்சு என்று தினமும் முனகுகிறார், இரண்டில் ஒன்றையும் விடமாட்டார். நேற்றுத்தானே போனில் பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நடுவில் புகுந்து விளையாட்டாக்கிவிடுவார், நான் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நீ வழக்கம்போல கிறிஸ்துமஸுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, பின்கதவைத் தள்ளிக்கொண்டு அடுப்படியில் நின்று எங்களைத் திகைக்க வைக்கலாம் என்று நினைத்திருந்தால், தயவுசெய்து அதைச் செய்யாதே. ஏன் என்று சொல்கிறேன், இரு, கதவைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

கதவு கதவாகத்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் நான் இப்படித்தான், உட்கார்ந்தால் எழுந்திருக்கிறேன், எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று நிற்கிறேன். ஏரிக்கரையில் கோடைக்கு மட்டும் வருகிற தெற்கத்திக்காரர்கள் வீடுகள் இருக்கின்றனவே, இலை உதிர்கிற நேரத்தில் அதில் சிலவற்றை யாரோ உடைத்தார்கள். மரம் அறுக்கிற மெஷின், ஜெனரேட்டர், பனிவண்டி என்று கிடைத்ததை எல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதோடு நின்றால் சரி, நவம்பரில் ஆள் இருக்கிற வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டார்கள், மாடியில் அந்த வீட்டுப் பெண் போர்வைக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தாளாம். அன்றைக்கு நான் தையல் டப்பாவின் அடியிலிருந்து பின்கதவுச் சாவியைத் தேடி எடுத்தேன், பூட்டுக்கு எண்ணெய் விட்ட பிறகுதான் அது அசைந்தது. நீ பிறந்ததிலிருந்து அந்தக் கதவு பூட்டப்பட்டு நீ பார்த்திருக்க மாட்டாய். அப்பா வேட்டைத் துப்பாக்கியில் தோட்டாவைப் போட்டு எங்கள் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தார். கதவைப் பூட்ட ஆரம்பித்ததை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. நம் ஊரில் கதவைப் பூட்டுவது அக்கம்பக்கத்தார் முகத்தில் அடிக்கிற மாதிரி, உனக்குத் தெரியாததா. வெட்கப்பட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டோம், அங்கேதான் எல்லாம் கெட்டது.

போன வாரம் அப்பா முழங்காலைக் காட்ட டாக்டரிடம் போயிருந்தார். நான் தனியாக ஏலக்காய் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன், நல்ல பகல் வெளிச்சம், அதனால் பயம் எதுவும் மனதில் இல்லை. பின்கதவின் கைப்பிடி திருகியது. பிறகு விட்டுவிட்டது. பிறகு யாரோ தோளைக் கொடுத்து இடித்தார்கள், ஒரு தடவை, இன்னொரு தடவை, மரம் பிளக்கிற சத்தம் கேட்டது. மாவுக் கையோடு நான் ஓடினேன், போனைத் தாண்டிக்கொண்டு ஓடினேன் நீலோ, அது மேஜை மேலேயே இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் இருக்காமல் திரும்ப அடுப்படிக்கே வந்தேன். பின் அறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருக்கிற அந்த லேசான கதவு சாத்தியிருந்தது, அதற்கு அந்தப் பக்கம் பூட்ஸ் காலைத் தட்டிக்கொண்டு ஓர் ஆள் நடக்கிறான். யாரது என்று கத்தினேன். பதில் இல்லை. கையில் துப்பாக்கி இருக்கிறது, வெளியே போ என்று கத்தினேன். பதில் இல்லை, நடை நிற்கவும் இல்லை. இவ்வளவு கத்தியும் போகாதவன் என்னைக் கொல்லத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். கதவைத் திறந்து பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை, அதனால் கதவையே குறி பார்த்தேன், நெஞ்சு உயரத்தில். அப்போது ஃப்ரீசர் மூடி திறக்கிற சத்தம் கேட்டது, அந்த ரப்பர் பட்டை விடுகிற மாதிரி ஒரு சத்தம் வருமே, அது. அதற்குப் பிறகு ஒரு முணுமுணுப்பு. "மனுஷனுக்குக் கறி வைக்க எடமில்ல, இந்த மகராசி ஊர்ல உள்ள புளிப்புக் கீரைத் தண்டையெல்லாம் வெட்டி இங்கதான் அடைச்சு வெச்சிருக்கா" என்று.

அர்மாஸ் மாமா. வயோலா அத்தை இறந்து தனி ஆளான பிறகு அவர் தன் மான் கறியை நம் ஃப்ரீசரில்தான் வைக்கிறார், எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், கேட்கவே வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். காது மடலை மூடுகிற அந்தப் பழைய தொப்பியைப் போட்டிருந்தார், காது கேட்க வைக்கிற மெஷின் சட்டைப் பையில் இருந்தது. நான் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்து, "ஏம்மா மார்லிஸ், ஒங்க கதவு இந்தக் குளுருக்கு நல்லா உறைஞ்சு போச்சு, தோளக் கொடுத்துத்தான் திறந்தேன், ஒம் புருஷன் ரெய்னோகிட்ட சொல்லி அடியில கொஞ்சம் சீவச் சொல்லு" என்றார். பூட்டியிருக்கும் என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. பிளந்த மரத்தைப் பார்த்த பிறகும் பனி உறைந்து உப்பிவிட்டது என்றுதான் நினைத்தார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன், எனக்கு மயக்கம் என்று நினைத்து அவரே காப்பி போட்டுக் கொடுத்தார், அவர் போட்ட காப்பியை நான் குடித்தேன்.

அப்பா வந்ததும் சொன்னேன். முதலில் முகம் மாறியது, பிறகு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் பெட்ரோல் பங்க் காப்பிக் கடையில் ஊருக்கே சொல்லிவிட்டார், "என் பொண்டாட்டி இருக்கிற வீட்டுக்கு எவனாவது வரட்டும் பாப்போம்" என்று. அர்மாஸ் மாமாவும் சேர்ந்துகொண்டு, "மான் கறி வைக்கப் போன நானே கறியாயிருப்பேன்" என்று சொல்லிச் சிரித்தாராம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அங்கே இருந்த ஒவ்வொருவரும் என்னிடம் வந்து, "நீ சுட்டிருந்தாலும் சட்டம் ஒன் பக்கம்தான் மார்லிஸ், கதவ ஒடச்சது அவருதானே" என்று தட்டிக் கொடுத்தார்கள் பார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அர்மாஸ் மாமாவைக் கொன்றிருந்தால் நான் செய்தது சரியாம், அதை எனக்கு ஆறுதலாகச் சொல்கிறார்கள். அன்று சாயங்காலம் அப்பா துப்பாக்கியைத் துடைக்க எடுத்தார், இன்னும் சிரிப்பு ஓயவில்லை. அதன் மரக் கட்டையில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது, அதைச் சுரண்டிக்கொண்டே வந்தவர் விசையிலும் மாவு இருப்பதைப் பார்த்தார். விசையைச் சுற்றி இருக்கிற வளையத்தில் இல்லை, விசையிலேயே. என்னை நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு அவர் காப்பிக் கடையில் அந்தக் கதையைச் சொல்வதில்லை. பதினாலு வயதிலிருந்து மான் சுடுகிறவள் நான், கொம்பைக் கண்ணால் பார்த்து எத்தனை கிளை என்று எண்ணாமல் விசையில் விரல் வைக்காதே என்று உனக்கே சொல்லிக் கொடுத்தவள். மானுக்குப் பார்த்ததை மனுஷனுக்குப் பார்க்கவில்லை.

ஊர் மன்றத்தில் காலீன் என்று ஒருத்தி வகுப்பு எடுக்கிறாள், ஷெரிஃப் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவள், வீட்டைக் காக்கத் துப்பாக்கி வைத்திருக்கிறவர்களுக்காக. அப்பாவே என்னைக் கூட்டிக்கொண்டு போனார், நான் கேட்கவில்லை. என் கதையை வேறு யாருக்கோ நடந்த மாதிரிச் சொல்லி, சுட்டிருந்தால் சட்டம் என்ன சொல்லும் என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டாள் என்று தெரிந்தது. கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வருகிறவன் விஷயத்தில் வீட்டுக்காரர் பயந்தது நியாயம் என்றுதான் நம் மாநிலச் சட்டம் தொடங்கும், ஆனால் அங்கேயே முடியாது என்றாள். "எப்ப வேணா வாங்கன்னு நீங்களே சொன்ன ஆளு, கண்ணால பாக்காம கதவு வழியா சுட்டிருக்கீங்க, அரசு வக்கீல் மொதல்ல அதத்தான் கேப்பாரு. முடிவு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதும்மா, தெரியும்னு காப்பிக் கடையில சொல்றவங்களுக்கும் தெரியாது" என்றாள். அப்பா சும்மா இருப்பாரா, கொட்டகையில் பனிவண்டியைத் திருடிக்கொண்டு ஓடுகிறவனைச் சுடலாமா என்றார். "அய்யா, பனிவண்டி போனா இன்ஷூரன்ஸ் இருக்கு. ஓடுறவன் முதுகுல சுட்டா ஒங்களுக்கு ஜெயில் இருக்கு" என்றாள், எல்லோரும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. உயிருக்கு ஆபத்து என்றால்தானே தவிர பொருளுக்காக இல்லை, அவன் திரும்பிப் போகிறான் என்றால் போகவிடு, வாசலுக்கு ஓடாதே, ஜன்னல் வழியாகத் துப்பாக்கியை நீட்டாதே என்று அடித்துச் சொன்னாள். நம் வீட்டு உள்சுவர் எல்லாம் வெறும் அட்டை, தோட்டா இரண்டு சுவரைத் தாண்டிப் போய் அடுத்த அறையில் தூங்குகிறவர் மேல் படும் என்று ஒரு சுவர்த் துண்டையே கொண்டுவந்து காட்டினாள். உடைக்கிற சத்தம் கேட்டால் படுக்கையறைக்குள் போய்த் தாழ் போடு, போனில் போலீஸைக் கூப்பிடு, தேடிக்கொண்டு வெளியே வராதே என்றாள். போலீஸ் வர முக்கால் மணி நேரம் ஆகுமே என்று ஒருவர் கேட்டார். ஆகட்டும், அதுவரை உள்ளேயே இரு என்றாள். அவள் செய்யச் சொன்னதில் ஒன்றைக்கூட நான் செய்யவில்லை என்று அங்கே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவள் சொன்னது, சின்னப் பிள்ளைகள் வந்து போகிற வீடென்றால் துப்பாக்கியைப் பூட்டித்தான் வைக்க வேண்டும், அது இப்போது சட்டம் என்று. வீட்டுக்கு வந்ததும் நான் அதைப் பூட்டிவிடலாம் என்றேன், அப்பா ஒத்துக்கொள்ளவில்லை, "திருடன் வரும்போது சாவியத் தேடிக்கிட்டு நிக்கவா" என்று அன்று முழுக்கச் சண்டை. அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால், வாயைத் திறக்காமல் கடைக்குப் போய் இரும்பு அலமாரி வாங்கி வந்து கீழ் அறைச் சுவரில் திருகிக்கொண்டிருக்கிறார், தோட்டாவுக்குத் தனிப்பெட்டி வேறு. எந்தச் சின்னப் பிள்ளை நம் வீட்டுக்கு வருகிறது, சொல். வாங்கி வந்த சாமான்களோடு காலையில் பாலில் போட்டுத் தின்கிற அந்தக் கலர் வளையத் தின்பண்டப் பெட்டியும் இருந்தது, அதை எல்லியைத் தவிர யார் தின்பார்கள். நீயும் அப்பாவும் சேர்ந்து எனக்குத் தெரியாமல் திட்டம் போட்டாயிற்று. உன் அப்பாவுக்கு ரகசியம் காக்கத் தெரியாது, அவரைத் திட்டாதே, நானும் தெரியாத மாதிரிதான் இருக்கிறேன்.

பார்த்தாயா, இதைத்தான் சொல்ல வந்தேன், சுற்றி வளைத்து இங்கே வந்து நிற்கிறேன். எல்லி பனியில் முன்னால் ஓடிவந்து பின்கதவைத் தள்ளுவாள், நீ பின்னால் பெட்டியை இறக்கிக்கொண்டிருப்பாய். அவளுக்கு உயரம் எவ்வளவு ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அந்த நடுக் கதவுக்கு முன் நின்று பார்த்தேன். நான் குறி பார்த்த இடம் அவள் தலைக்கு மேலேதான் வருகிறது, அதில் எனக்கு ஓர் ஆறுதலும் இல்லை. துப்பாக்கி கீழே பூட்டியிருக்கிறது, சாவி அப்பாவிடம் இருக்கிறது, எல்லாம் சரி. எனக்குத் திருடனைப் பற்றிய பயம் போய்விட்டது, என்னைப் பற்றிய பயம் போகவில்லை.

அதனால் பாலம் தாண்டியதும் கூப்பிடு, பெட்ரோல் போடும்போது இன்னொரு தடவை கூப்பிடு. நான் ஆச்சரியப்படுகிற மாதிரி நடிக்கிறேன், நன்றாகவே நடிப்பேன், அப்பா ஏமாந்துவிடுவார். யாரும் நடக்காத முன்வாசல் பக்கமும் அவரைப் பனி அள்ளி வைக்கச் சொல்கிறேன், அந்த வழியாக வா. டானாவுக்குக் கனமான கோட்டு வாங்கு, அங்கே கிடைப்பது இங்கே உதவாது. அர்மாஸ் மாமாவிடம் விசையில் இருந்த மாவைப் பற்றிப் பேச்செடுக்காதே, அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். சனிக்கிழமை சவுனாவுக்கு வழக்கம்போல வருகிறார், எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இப்போது கதவை இடித்துக்கொண்டு வருவதில்லை, மெஷினைக் காதில் மாட்டிக்கொண்டு வெளியே நின்று, மார்லிஸ், நான்தான், நான்தான் என்று தெரு கேட்கக் கூவுகிறார்.

கடவுள் உங்கள் மூன்று பேரையும் வழியில் வழுக்காமல் கொண்டுவந்து சேர்க்கட்டும். உன் கையைப் பிடித்துப் பார்க்கிற வரைக்கும் நான் உட்கார்ந்து சாப்பிடப் போவதில்லை.

அன்புடன், எப்போதும் உன்,
அம்மா

மறந்துவிட்டேன். வண்டியை விட்டு இறங்கியதும் எல்லியைப் பாடிக்கொண்டே வரச் சொல், எந்தப் பாட்டானாலும் சரி, எவ்வளவு சத்தமானாலும் சரி. அவள் சத்தம் போட்டால் நீ அதட்டுவாய். அன்றைக்கு மட்டும் அதட்டாதே.