கெஞ்சினாலும் சொல்லாத நம்பர்

என் ஆசை நாத்தனார் சரோஜாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. வருஷப் படையலுக்கு வஞ்சிரக் குழம்பு வைத்தேன். உப்பு தூக்கலாக இருந்திருந்தால் எழுந்து வந்து ஏசியிருப்பாய். வரவில்லை, அதனால் சரியாகத்தான் இருந்திருக்கும். உனக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நாம் சேர்ந்து மீன் விற்ற அத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை உன்னிடம் சொன்னதே இல்லை.

என் பேத்தி தேவி இப்போது கிரிப்டோ காயின் வாங்கி விற்கிறாள். கையில் பிடிக்க முடியாத காசு அது. போனுக்குள்ளேயே விலை ஏறும், இறங்கும். தினமும் காலேஜ் விட்டதும் சாயங்காலம் துணிக்கடையில் வேலை பார்க்கிறாள் அல்லவா, அந்தச் சம்பளத்தில் போனால் போகட்டும் என்கிற அளவுக்கு மட்டும் எடுத்துப் போடுவாள். வாங்கும்போதே, இந்த விலைக்குக் கீழே போனால் நஷ்டத்தோடு விற்றுவிடு என்று போனில் போட்டு வைத்துவிடுவாள். ஸ்டாப் லாஸ் என்று பேராம்.

காலேஜ் ஃபீஸுக்குச் சேர்த்த பணம் மட்டும் என் பெயரில் பேங்கில் இருக்கிறது. அதை எடுக்க என் போனுக்கு வரும் ஆறு இலக்க நம்பரை நான் படித்துச் சொல்ல வேண்டும். அந்த ஏற்பாடும் அவள் செய்ததுதான்.

"ஆயா, காயினுக்குன்னு நான் எவ்ளோ கெஞ்சினாலும் அந்த நம்பரை சொல்லாத."

அதைக் கேட்டதும் எனக்கு உன் ஞாபகம்தான். கோவளம் கரையில் மீன் ஏலத்துக்கு நுழையுமுன் அன்றைக்கு வேண்டியதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, மிச்சத்தை என் சுருக்குப்பையில் திணிப்பாயே. "நான் கால்ல வுழுந்தாலும் குடுக்காத அண்ணி" என்பாய்.

ஒரே ஒரு தடவை கொடுத்தேன். மறுநாள் புரட்டாசி பிறக்கிறது. வாங்க ஆளில்லாமல் கூடை விலை இறங்கிக்கொண்டே வந்தது.

"சும்மா கெடைக்குது அண்ணி. பல்லாவரத்துல மாதா கோயில் தெரு கீது, பாய் வூடுங்க கீது, வித்துடலாம். பையை அவுத்துக் குடு."

நான் அசையாமல் நின்றேன். "உன் அப்பன் வூட்டு காசா அது?" என்றாய். ரோஷத்தில் அவிழ்த்துக் கொட்டினேன்.

புரட்டாசியில் நம்மவர்கள் யாரும் மீனைத் தொட மாட்டார்கள். அந்த ஒரு தெருவும் பத்து வீடும் எத்தனை கூடைதான் வாங்கும்? மிச்சத்தை உப்புப் போட்டு அடிமாட்டு விலைக்கு விற்றோம். அந்த மாதம் இரண்டு வீட்டிலும் கஞ்சிதான். "கேட்டது என் தப்பில்ல, குடுத்த பாரு, உன் தப்பு" என்று சொல்லி நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன மாதம் தேவி வாங்கிய காயின் இறங்கியது. போட்டு வைத்த விலைக்குக் கிட்டே வந்ததும், எப்படியும் திரும்ப ஏறும் என்று ஸ்டாப் லாஸை அவளே எடுத்துவிட்டாள். அது இன்னும் இறங்கியது. அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"ஆயா, இப்ப செம சீப்பா இருக்கு. ஃபீஸ் காசைப் போட்டா கொஞ்சம் ஏறினாலே விட்டதைப் பிடிச்சிடலாம். ஒரே வாரம். நம்பர் வந்திருக்கும் பாரு."

"வந்துகீது. சொல்ல மாட்டேன்."

"அஞ்சாங் கிளாஸ் படிச்சிட்டு இதைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணியும் தெரியாது. ஃபீஸ் காசுல இதை வாங்கக் கூடாதுன்னு நீதான சொன்ன."

போனை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன். மறுநாள் பார்த்தால் அந்தக் காயின் ஏறிவிட்டது, சரோஜா. பிள்ளைக்கு வந்ததைத் தட்டிவிட்டேனோ? கூப்பிட்டு, புது நம்பர் வரவை, படித்துவிடுகிறேன் என்று சொல்லிவிடலாமா? போனை எடுத்தேன். உப்பு அப்பிய உன் இரண்டு கையும் கண்ணில் நின்றது. திரும்பச் செருகிக்கொண்டேன்.

அடுத்த வாரம் அது அடியோடு விழுந்தது. இருந்ததை நஷ்டத்தோடு விற்றாள். போனது அவள் சம்பளத்தில் கொஞ்சம். ஃபீஸ் அப்படியே இருந்தது.

"அது ஏறிக்கினே போயிருந்தா என்னா பண்ணியிருப்ப ஆயா?" என்னை மாதிரியே பேசிக் கிண்டல் பண்ணினாள்.

"உன்கிட்ட திட்டு வாங்கிகினு இருந்திருப்பேன்."

பிறகு அவளே உட்கார்ந்து நோட்டில் எழுதினாள்: வைத்த ஸ்டாப் லாஸை எடுத்தால் அந்த மாதம் முழுக்கக் காயின் வாங்குவதில்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நம் வீட்டுப் பெண்தான், பெருமையாக இருக்காதா? இப்போது கடையில் கூட வேலை பார்க்கிற பெண்கள் காயின் வாங்க வேண்டும் என்று வந்தால், இந்தக் காசு போனால் வீட்டில் ஏதாவது செலவு தடைப்படுமா என்றுதான் முதலில் கேட்கிறாளாம்.

நேற்று ஃபீஸ் கட்டினோம். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். அவள் ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

இனியும் கெஞ்சுவாள், ஏசுவாள். அன்று உன் ஒரு வார்த்தை பொறுக்காமல் பையை அவிழ்த்தேனே, இனி அவள் எத்தனை வார்த்தை சொன்னாலும் வாங்கிக்கொள்கிறேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன்னிடம் தோற்றுக் கற்றுக்கொண்ட
உன் அண்ணி,
செல்லம்மா