மோரில் ஊறிய கிழங்கு

பெரிய காஞ்சிபுரம்,
பவ வருஷம் ஐப்பசி 20

சிரஞ்சீவி கலியாணசுந்தரத்துக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. கல்கத்தாவில் உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் காமாட்சி பார்த்துக்கொள்ளட்டும். இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. எப்போதும் அப்பா எழுதி முடித்த கடுதாசிக்குக் கீழே இரண்டு வரி கிறுக்குவேன், இதை நானே எழுதுகிறேன், அப்பாவுக்குத் தெரியாது, பிழை இருந்தால் சிரிக்காதே. உன் தங்கை கிருஷ்ணவேணிக்கு இது ஆறாம் மாசம், வாந்தி நின்று இப்போதுதான் ஏதோ சாப்பிடுகிறாள். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், தலைக்கு எண்ணெய் வைக்காமல் திரியாதே.

எதிர் வீட்டு நெசவுக்கார வீராசாமி போன வாரம் போய்விட்டான். உன்னோடு சர்வதீர்த்தக் குளத்தில் குதித்து விளையாடினவன். எப்படிப் போனான் என்று உனக்குக் கட்டாயம் தெரியவேண்டும். உன் கடுதாசி வந்த அன்று அப்பா அதை மருந்துக்காக வந்து உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேருக்கும் உரக்கப் படித்தார். நாம் அனுப்பிய செங்காந்தள் கொடியின் கலப்பைக் கிழங்கை உங்கள் பரிசோதனைச்சாலையில் முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தீர்கள், ஒன்றுகூடச் சாகவில்லை, இதில் விஷமே இல்லை, விஷம் எடுக்கச் சுத்தி செய்வதெல்லாம் பழைய காலத்துப் பயம் என்று நீ எழுதியிருந்த இடத்தை இரண்டு தரம் படித்தார். விஷக் கிழங்கைக் கொடுக்கிறார் என்று முப்பது வருஷமாக ஆஸ்பத்திரிக்காரர்களிடம் ஏச்சு வாங்கின மனுஷன், கண் கலங்கிவிட்டார். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டே வீராசாமிக்கு முட்டி இரண்டும் வீங்கிக் கிடந்தது, சுத்தி செய்த கிழங்கில்தான் அப்பா அவனுக்கு மருந்து கொடுத்து வந்தார். அன்று அந்தக் கூட்டத்தில் இருந்தவன், அப்ப பச்சையாவே அரைச்சித் துன்னலாமா வைத்தியரே என்று கேட்டான். அப்பா சிரித்தார், ஆம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அவன் வீட்டு வேலியில் அந்தக் கொடி மண்டிக் கிடக்கிறது. தறியில் கல்யாணப் புடவை பாதியில் நிற்கிறது, முகூர்த்தத்துக்குள் முடிக்க வேண்டும், சீக்கிரம் வலி தீரட்டும் என்று தோண்டி அரைத்துக் குடித்துவிட்டான். நாலு நாள் வாந்தியும் பேதியும். அப்பா அவன் பக்கத்தை விட்டு எழுந்திருக்கவில்லை, தெரிந்த மாற்று மருந்தையெல்லாம் கொடுத்தார். ஐந்தாம் நாள் விடியும்போது உயிர் அடங்கிவிட்டது.

சுந்தரம், அந்தக் கிழங்கில் விஷம் உண்டு. உனக்கு அனுப்பினதில் அதை எடுத்தவள் நான். தோண்டினபடியே அனுப்பு என்றுதான் நீ எழுதியிருந்தாய், அப்பாவும் அப்படியே கொண்டுவந்து கூடத்தில் போட்டுவிட்டு, பார்சல் கட்டுவதை என்னிடம் விட்டார். நான் வாழ வந்த நாளிலிருந்து இந்த வீட்டுப் படி தாண்டிப் பச்சைக் கிழங்கு வெளியே போனதில்லை. நீ அதைக் கையால் நசுக்குவாய், மறந்துபோய் அதே கையால் சாப்பிடுவாய் என்று பயந்தேன். சீவி, உப்பு மோரில் ஊறப்போட்டு, எடுத்து வெயிலில் காயவைத்து, ஏழு நாள் அப்படியே செய்து அனுப்பினேன். சொல்லவேண்டும் என்றே தோன்றவில்லை, அரிசியைக் களைந்துதான் உலையில் போட்டேன் என்று யாராவது எழுதுவார்களா. காய்ந்த சீவலாக வந்திருக்கிறதே என்று நீயும் கேட்கவில்லை. இப்போது அப்பா உன் கடுதாசியை மடியில் வைத்துக்கொண்டு, கிழங்கில் விஷமில்லை, அவன் வேறு எதையோ தின்றிருக்கிறான் என்று வருகிறவர்களிடம் எல்லாம் வாதாடுகிறார். வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். வீராசாமி பெண்சாதி பொன்னியம்மாள் காதில் இதெல்லாம் விழுகிறது. புருஷனைப் பறிகொடுத்ததும் போதாமல், கண்டதைத் தின்று செத்தான் என்ற பேரும் அவளுக்கு. 

மார்கழியில் இந்தப் பரிசோதனை முடிவு உன் பேர் போட்டு அச்சாகும், பிறகு வேலை நிரந்தரமாகும் என்று எழுதியிருந்தாய். அச்சாக விடாதே சுந்தரம். துரையிடம் போய், கிழங்கு தப்பாக வந்தது, என் தாய் செய்த தப்பு என்று சொல். வேலை போனாலும் போகட்டும் என்று எழுத எனக்குச் சுலபம், ராப்பகலாகப் பாடுபட்டவன் நீ, தெரியாமல் இல்லை. ஆனாலும் அச்சடித்த காகிதம் எத்தனை ஊருக்குப் போகும், எத்தனை வேலியில் இந்தக் கொடி படர்ந்திருக்கிறது என்று யோசித்துப் பார். இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து அப்பாவிடமும் சொல்லப் போகிறேன். அவர் என்ன ஆவாரோ, நினைத்தாலே பயமாக இருக்கிறது.

நேற்றுப் பொன்னியம்மாளிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னேன். அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நின்றேன். அவள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய், வேலியோரம் மிச்சம் இருந்த கிழங்கையெல்லாம் பெயர்த்துக் கோணியில் போட்டாள். மண்ணையாவது தட்டுவோம் என்று நான் கையை நீட்டினேன். வேணாம்மா, நீ ஒண்ணும் பண்ணாத, அப்டியே போவட்டும் என்று சொல்லிவிட்டு, கோணி வாயை அவளே தைத்தாள்.

அந்த மூட்டை தோண்டினபடியே உனக்கு ரயில் பார்சலில் வருகிறது. தொட்ட கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவு. நீ தீர்க்காயுசாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
பட்டம்மாள்