இன்னும் ஆறு வட்டி பாக்கி

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நமக்குக் குரல் ஏறிவிடும், அதனால்தான் காகிதம். வீட்டில் எல்லோரும் சுகம்.

நேற்று நம் பைப் கடைக்கு ஒரு தரகர் வந்தார். நீ பங்கைப் பிரித்துக்கொண்டு போனபோது, கையில் பணமில்லாமல் நான் எழுதிக் கொடுத்த பத்து லட்சம் புரோநோட்டை அவரிடம் விற்கப் போகிறாயாமே. "நீங்க தவணை தவறாம கட்டுற ஆள்தானே?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டார். பொண்ணு கேட்டு வந்த மாதிரி விசாரிக்கிறீங்களே என்றேன். உன் வீட்டுக்காரிக்கு ஆபரேஷன் என்று அவர் வாயால்தான் கேள்விப்பட்டேன். தம்பி வீட்டு விஷயம் தரகர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று உன் அண்ணி என்னைத் திட்டினாள்.

ஏழு லட்சம் தருகிறாராம். உனக்குக் கால்குலேட்டரில் போட்டும் காட்டினாராம். கணக்கு சரிதான், பாதிக் கணக்கு. வெளியில் இன்று வட்டி வருடத்துக்குப் பன்னிரண்டு சதவீதம். நம் நோட்டில் எட்டு. அரையாண்டுக்கு ஆறு சதவீதம் வைத்துப் பார்த்தால், மூன்று வருடம் கழித்து வரும் பத்து லட்சத்துக்கு இன்றைய மதிப்பு ஏழு லட்சத்துச் சொச்சம். அதோடு நிறுத்திவிட்டார். அதுவரை ஆறு மாதத்துக்கொரு தடவை வரும் நாற்பதாயிரம் எங்கே போயிற்று? முதல் நாற்பதாயிரம் இன்றைக்கு 37,736 பெறும். கடைசியாக வருவது 28,198தான். ஆறையும் கூட்டினால் 1,96,693. அதை அவர் பைக்குள் போட்டுக்கொண்டார். நீயும் பார்த்துக்கொண்டிருந்தாய். கடையில் இருந்தபோதும் நீ அப்படித்தான். அசலைப் பார்ப்பாய், சில்லறையை விட்டுவிடுவாய்.

சரியான விலை 9,01,654. அதை நானே கொடுத்து நோட்டை வாங்கிக்கொள்கிறேன். பத்தும் முழுதாகக் கொடுத்தால் தர்மம் பண்ணுகிறாயா என்று திருப்பி அனுப்பிவிடுவாய். ஏழுக்கு வாங்கினால் எனக்கு லாபம், சோறு இறங்காது. இது வியாபாரம். ஒரு பைசா கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. வேண்டுமானால் வேறு யாரிடமாவது கொடுத்துக் கணக்குப் போட்டுப் பார்.

ஒரு விஷயம் மட்டும் கணக்கில் வரவில்லை. வட்டியை வங்கியில் போட்டுவிடச் சொன்னாய். நேரில் வந்து நோட்டின் பின்னால் கையெழுத்துப் போட்டால்தான் தருவேன் என்றேன். "நாற்பதாயிரத்துக்கு ஒரு ராத்திரி ரயில்ல வரணுமா?" என்று ஒவ்வொரு தடவையும் திட்டிக்கொண்டே வந்தாய். வந்து, டீயை ஆறவிட்டு, கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பாய். வந்த வாடிக்கையாளருக்கு நீயே விலை சொல்வாய், பெரும்பாலும் தப்பாக. நோட்டு தீர்ந்தால் இன்னும் ஆறு தடவை நீ வர வேண்டியதில்லை. அதற்கு என்ன சதவீதம் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பணத்தை இன்று காலையே உன் கணக்கில் கட்டிவிட்டேன். பத்திரம் கைக்கு வராமல் நான் பணம் கொடுத்தது இதுதான் முதல் தடவை. கணக்குப்பிள்ளை என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நோட்டைத் தபாலில் அனுப்பிவிடாதே. தொலைந்துபோகும். அவசரமும் இல்லை. உன் வீட்டுக்காரி நல்லபடியாக எழுந்து நடக்கட்டும். பிறகு இரண்டு பேருமாக எடுத்துக்கொண்டு வாருங்கள். ஸ்டூல் அங்கேயேதான் இருக்கிறது.

அவள் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

உன் கடன்காரன்,
அண்ணன்