தலையணை மேல் லேப்டாப் வேண்டாம்

என்னங்க,

இன்றைக்குக் கார் ரேஸ் கேம் ஆடும்போது லேப்டாப்பைத் தலையணை மேல் வைக்காதீர்கள். அடியில் காற்றோட்டம் அடைபட்டுச் சூடாகித்தான் கேம் திக்கித் திக்கி ஓடுகிறதாம், ரிப்பேர் கடைக்காரர் சொன்னார். மேசை மேல் வையுங்கள்.

நேற்று உங்கள் கார் பாதி ரேஸில் அப்படியே நின்றதும், வெளியூரிலிருந்து உங்களோடு ஆடிய உங்கள் பொண்ணு பதறிப்போய் எனக்குப் போன் செய்தாள். "அப்பாவுக்கு இன்னும் கோவம் தீரலையாம்மா? கேம்லகூட என்கூட வர மாட்டேங்கறாரே!" அவள் கல்யாணப் பேச்சில் சண்டை வந்ததிலிருந்து உங்கள் இருவருக்கும் அந்த ஆட்டம் ஒன்றுதான் மிச்சம். அதுவும் நின்றுவிடக் கூடாது.

சாப்பாடு அடுப்பு மேல். சாவி என்னிடம், உள்தாழ்ப்பாள் போடாதீர்கள்.

பி.கு.: அப்படியும் திக்கினால் ஆட்டத்தை மூடிவிட்டு அவளைக் கூப்பிடுங்கள். "லேப்டாப் மக்கர் பண்ணுது" என்று மட்டும் சொன்னால் போதும். உங்கள் குரலைக் கேட்டே மாசக்கணக்காகிறது அவளுக்கு.